அரங்குக்குள் ஒரு பெட்டி



போன இதழ் உங்கள் கைக்கு நாலு நாள் பிந்தி வந்தது. ஏன் என்று கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று ஒரு வரிப் பதில் போயிருக்கும். பத்திரிகைக்காரர்கள் அந்த வரியை எப்போதும் கைவசம் வைத்திருப்போம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அட்டைக்கு வேண்டிய படம் நாகர்கோவிலில் என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. நான் ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூரில் இருந்தேன். வீட்டில் இருந்தது எண்பத்தோரு வயது அம்மா மட்டும்.

போனில் சொல்லிக்கொடுத்தே படத்தை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"எந்தப் பொத்தான் மக்கா? இதுல ரெண்டு இருக்கு."

"பெரிசும்மா, பெரிசு."

"ரெண்டும் ஒண்ணுபோலல்லா இருக்கு."

எப்படியோ ஒன்றை அமுக்கினாள். கம்ப்யூட்டர் எழுந்தது, கடவுச்சொல் கேட்டது. அம்மா படித்தது திருவிதாங்கூர் காலத்து வாடை போகாத பள்ளிக்கூடத்தில். தமிழ் வாசிப்பாள், மலையாளம் வாசிப்பாள். இங்கிலீஷில் பெரிய எழுத்து மட்டும் தெரியும். என் கடவுச்சொல்லில் சின்ன எழுத்து, எண், ஒரு நட்சத்திரக் குறி எல்லாம் உண்டு. முக்கால் மணி நேரம் போராடிவிட்டு, "இந்தச் சவத்த அணைச்சிரட்டா?" என்று கேட்டாள். சரி என்றேன். நான் ரயிலேறி நாகர்கோவில் வந்த பிறகுதான் அட்டைப்படம் அச்சுக்குப் போனது.

அக்காவின் மகனுக்குத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தவன் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, வீட்டுல ஒரு சின்னப் பெட்டி வச்சாப் போதும். நீங்க எங்க இருந்தாலும் போன்லயே எடுத்துக்கிடலாம்" என்றான். வீட்டுச் சாவியை மருமகன் கையில் கொடுப்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதில்லை. வெள்ளாளர் வீடுகளில் சொத்தே அந்த வழியாகத்தான் இறங்கியது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அதை வைத்து ஒரு மான்மியமே பாடினார். 1926-இல் சட்டம் வந்து அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது. கம்ப்யூட்டர் விஷயத்தில் இன்னும் மருமக்கள் வழிதான் நடக்கிறது.

பெட்டி என்று அவன் சொன்னது ராஸ்பெரி பை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் பிறந்து 2012-இல் விற்பனைக்கு வந்த குட்டிக் கம்ப்யூட்டர். ஏடிஎம் கார்டு அளவுதான் இருக்கும். அதோடு 2 டெராபைட் எஸ்எஸ்டி ஒன்றைக் கேபிளில் கோத்தான். நெக்ஸ்ட்கிளவுட் என்ற இலவச மென்பொருளை ஏற்றினான். இதே வேலைக்கென்றே செய்து வைத்த பெட்டிகளும் கிடைக்கின்றன. 'நாஸ்' என்று கேட்டால் கடையில் எடுத்துக் காட்டுவார்கள். அதற்குக் காசு கூடுதல், தலைவலி குறைவு. நாங்கள் காசைக் குறைத்துக்கொண்டோம்.

எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. ரௌட்டர் பக்கத்தில் வைக்கலாமென்றான். அங்கே பேரப்பிள்ளைகளின் பந்து வந்து விழும். அம்மாதான் "அரங்குல வையி" என்றாள். எங்களுடையது பழைய வீடு. அரங்கு என்றால் சன்னல் இல்லாத, சுவர் கனத்த உள்ளறை. நெல்லுப் பத்தாயம், வெண்கலப் பாத்திரம், நகை, ஆதாரம் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஆதார் கார்டு வருவதற்கு முன்பே எங்கள் ஊரில் ஆதாரம் என்றால் சொத்துப் பத்திரம். இப்போது அரங்கில் மிச்சம் ஒரு தகரப் பெட்டிதான். அதன்மேலே, ஒரு பலகை போட்டு, பச்சை விளக்கு மினுங்கும் இந்தப் புதுப் பெட்டி உட்கார்ந்தது.

அந்த விளக்கைப் பார்த்தபோது எனக்கு அழகியபாண்டியபுரம் நினைவுக்கு வந்தது. தோவாளைத் தாலுகாவில், பூதப்பாண்டிக்கு அப்பால் மலையடிவாரத்து ஊர். அங்கே பெரியவீட்டு முதலியார் என்று ஒரு குடும்பம். அரசர்களின் சார்பில் நாஞ்சில் நாட்டில் அதிகாரம் செலுத்திய குடும்பம் அது. வரிக்கணக்கு, நிலக்கணக்கு, அரச உத்தரவு, மனிதர்களை அடிமைகளாக விற்ற ஓலை என்று எல்லாவற்றையும் நூற்றாண்டுக்கணக்கில் அந்த வீட்டிலேயே சேர்த்து வைத்திருந்தார்கள். தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி அந்த ஓலைகளைத் தேடிப் போய்ப் படித்து, படியெடுத்தார். பிற்காலத்தில் அ.கா.பெருமாள் 'முதலியார் ஓலைகள்' என்று நூலாகப் பதிப்பித்தார். நாஞ்சில் நாட்டில் ஆளை ஆள் விற்றதற்கு எழுத்துச் சாட்சி வேண்டுமென்றால் அந்த வீட்டு ஓலைகளைப் பார்க்கலாம்.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்று உண்டு. அவ்வளவும் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் கிடந்தவை. படிக்க வேண்டுமானால் ஆள் அங்கே போய் நிற்கவேண்டும், வீட்டுக்காரர் கட்டை அவிழ்த்துத் தரவேண்டும். அப்படிப் போய் நிற்க ஒரு கவிமணி இல்லாத வீடுகள் எத்தனையோ. அங்கெல்லாம் கறையான் வாசித்து முடித்துவிட்டது. என் வீட்டுத் தகரப் பெட்டிக்கும் அதே கதிதான் காத்திருந்தது. அக்கா பஹ்ரைனில், தம்பி சென்னையில். அதைத் திறந்து பார்க்க யாருக்கும் லீவு கிடைப்பதில்லை.

வேலை சுலபமாக முடியவில்லை, அதையும் சொல்கிறேன். வீட்டுக்குள் எல்லாப் போனிலும் பெட்டி தெரிந்தது. தெரு முனைச் சாயாக்கடைக்குப் போனதும் காணாமல் போனது. மருமகன் ரௌட்டருக்குள் நுழைந்து பார்த்து, "நமக்குன்னு தனி முகவரியே இல்ல மாமா" என்றான். இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். பழைய முறையில் மொத்தம் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. ஆசிய பசிபிக் பகுதிக்கான இருப்பு 2011 ஏப்ரலிலேயே காலி. அதனால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைக்கின்றன. ஒரு தெருவுக்கே ஒரு கதவு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து வெளியே போகலாம். வெளியேயிருந்து வரும் தபால்காரருக்கு எந்த வீடு என்று தெரியாது. உங்கள் வீட்டிலும் இப்படியா என்று பார்க்க எளிய வழி உண்டு. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்களும் எங்கள் தெருதான்.

மாதாமாதம் காசு கட்டித் தனி முகவரி வாங்கலாம். புதுமுறை முகவரி, அதாவது ஐபிவி6, வைத்தும் சமாளிக்கலாம். நாங்கள் போனது மூன்றாவது வழி: டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள். பெட்டியிலும் போனிலும் அதை ஏற்றிவிட்டால் இரண்டும் தாமாக வெளியே வந்து ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. கல்யாணத் தரகர் மாதிரி ஒருவர் நடுவில் நின்று அறிமுகம் செய்துவைக்கிறார். பிறகு இரண்டு வீடும் நேரே பேசிக்கொள்கின்றன. சில சமயம் நேரே பேச வழியில்லாமல் தரகர் மூலமாகவே பேச்சு போகும். ஆனால் பேச்சு பூட்டுப்போட்டுப் போவதால் அவர் காதில் விழுந்தாலும் விளங்காது. சொந்த உபயோகத்துக்கு இது இலவசம்.

யூடியூபில் பார்த்து ரௌட்டரில் போர்ட்டைத் திறந்துவிடும் வாசகர்கள் இருப்பீர்கள். வேண்டாம். உலகம் முழுக்கத் திறந்த கதவு அது. 2021 ஜூனில் 'மை புக் லைவ்' என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டி வைத்திருந்த பலர் காலையில் பார்த்தபோது பெட்டி புதிதாக வாங்கியதுபோல் வெறுமையாக இருந்தது. எங்கிருந்தோ எவனோ உள்ளே வந்து துடைத்துவிட்டுப் போயிருந்தான். அந்தப் பெட்டிகளுக்கு 2015-க்குப் பிறகு மென்பொருள் திருத்தமே வரவில்லை. வாங்கி வைத்தால் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

கூகுளிலேயே வைத்தால் என்ன என்று தம்பி கேட்டான். நானும் அங்கே வைக்கிறேன்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இலவசம் 15 ஜிபி. 2021 ஜூன் 1 முதல் படங்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத கணக்கை அழித்துவிடலாம் என்பதும் அவர்கள் விதி. அப்பாவின் கணக்கு எனக்கு ஞாபகம் வந்தது. அவர் போய் மூன்று வருஷமாகிறது. அவர் போனில் எடுத்த படங்கள் எதையும் நாங்கள் இறக்கி வைக்கவில்லை.

அம்மாவின் கவலை வேறு. "ராப்பகலா எரியுதே, கரண்டு பில்லு எவ்வளவு வரும்?" கணக்குப் போட்டோம். இது இழுப்பது சுமார் 7 வாட். மாதத்துக்கு 5 யூனிட், இரண்டு மாத பில்லில் 10. அரசு தரும் 100 யூனிட் இலவசத்தில் இது ஒரு மூலைக்குக் காணாது. "அப்பம் கொள்ளாம்" என்றாள்.

கரண்டைவிடப் பெரிய எதிரி இடி. ஐப்பசியில் நம் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வருமே, அந்த இடி. இரண்டு வருஷம் முன்பு ஒரே வெட்டில் மோடமும் டிவியும் போனது எங்கள் வீட்டில். யுபிஎஸ் வாங்கி வைத்தோம். அது கரண்டு போனால் அரை மணி தாங்கும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோமே, அதற்கு எந்த யுபிஎஸ்ஸும் தாங்காது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு. குளச்சல், மணக்குடிப் பக்கத்து வாசகர்கள் பெட்டியைக் கடல் பார்த்த சன்னலோரம் வைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊர்களுக்கு, எதையும் ஒரே இடத்தில் வைக்காதே என்று நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

அதனால் எங்கள் பெட்டியின் இன்னொரு படி ஒவ்வொரு ராத்திரியும் திருவனந்தபுரத்தில் மருமகன் வீட்டிலிருக்கும் டிஸ்குக்குப் போகிறது. நம்மூர்க் காகிதம் திருவனந்தபுரம் போவதும் திருவிதாங்கூர் காலத்துப் பழக்கம்தானே! டிஸ்குக்கு அஞ்சு வருஷம் வை, பிறகு மாற்று என்கிறான். ஓலைக்கு மையாடி எண்ணெய் தடவி, தேய்ந்துபோனால் புது ஓலையில் எழுதிக்கொண்டிருந்த மாதிரித்தான். ஓலைக்காரர்களுக்கு இருநூறு வருஷமாவது அவகாசம் இருந்தது, நமக்கு அஞ்சு.

பெட்டிக்குள் முதலில் போனவை இதழின் பழைய தொகுதிகள். அடுத்து அம்மா தகரப் பெட்டியைத் திறக்க விட்டாள். அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய ஆதாரங்கள், மலையாளத்தில். 1956 நவம்பர் 1 வரை நாம் மலையாளப் பக்கம்தான் இருந்தோம் என்பதை வரலாற்றுப் புத்தகத்தைவிட இந்தத் தாள்கள் அழுத்தமாகச் சொல்கின்றன. எங்கள் தலைமுறையில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஏற்றினோம்.

அன்று ராத்திரி பஹ்ரைனிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அதே தாளை அவள் அங்கே போனில் விரித்து வைத்திருந்தாள். "அம்மா, முதல் தாளை வாசிம்மா." அம்மா என் டேப்லெட்டை மடியில் வைத்து, விரலால் பெரிதாக்கி (அதைப் பேரன் கற்றுக்கொடுத்திருந்தான்), கொல்லம் ஆண்டு 1108 மகர மாசம் என்று தொடங்கினாள். அதாவது 1933 தை. ஒரு விளையை விற்ற ஆதாரம். கிழக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் புரையிடம், மேற்கு அதிரில் ஒரு புளி. வாசிப்பதை நிறுத்திவிட்டு, "அந்தப் புளியிலயாக்கும் நாங்க ஊஞ்சல் கட்டினது" என்றாள். அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அக்கா அந்தப் பக்கம் பேசவே இல்லை. கடவுச்சொல் போடத் தெரியாத அம்மாவை விட்டால் அந்தத் தாளைத் திறக்க எங்களுக்கு வேறு ஆளில்லை. இப்போது தினமும் ராத்திரி ஒரு ஆதாரம் வாசிக்கிறாள். மருமகன் குரலைப் பதிவு செய்து, தாளுக்குப் பக்கத்திலேயே போட்டு வைக்கிறான். பதினேழு முடிந்திருக்கிறது. இன்னும் ஒரு கட்டு மிச்சம்.

போன வியாழன் நாலு மணிக்கு நான் அலுவலகத்தில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஹ்ரைனிலிருந்து அக்கா குரல்: "நாகர்கோவில்ல இடி வெட்டுதாடே?" வெளியே எட்டிப் பார்த்தேன், வேளிமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பெட்டி அணைஞ்சு போச்சு. அம்மா பிளக்கை உருவிட்டா."

அன்புடன்,
ஆசிரியர்