கடலுக்குள் கால் ஊன்றுதல்

வீடு கட்டுகிறவனுக்கு அஸ்திவாரத்தைப் பற்றி உள்ள கவலை ஒன்றே: சுவரின் பாரத்தை மண் தாங்குமா என்பது. கடலில் காற்றாடி யந்திரம் நாட்டுகிறவனுடைய கவலையோ வேறு. கீழே அழுத்தும் பாரத்தைவிட, பக்கவாட்டில் ஓயாமல் தள்ளும் காற்றும் அலையுமே அவனுக்குப் பெரும் பகை.

இவ்வித்தையில் வழிகாட்டிய தேசம் டென்மார்க். 1991-ல் விண்டபி அருகே, ஆழம் குறைந்த கடலில் 11 காற்றாடிகளை நிறுத்தினார்கள். கரையில் வார்த்த கான்கிரீட் பாதங்கள், தம் சொந்தக் கனத்தினாலேயே அவற்றைத் தாங்கி நின்றன. 2017-ல் அவை அகற்றப்பட்டன.

ஆழம் கூடியபோது உபாயமும் மாறிற்று. 2002-ல் அதே தேசத்தார் ஹார்ன்ஸ் ரெவ் என்னுமிடத்தில் 80 காற்றாடிகளை உருக்குக் குழாய்களின் மேல் எழுப்பினார்கள். கனத்த தகடுகளை வளைத்துப் பற்றவைத்துக் குழாயாக்குகிறார்கள். ஒரு கப்பல் தன் கால்களைக் கடலடியில் ஊன்றி, நீர்மட்டத்துக்கு மேலே எழும்பி நின்றுகொள்கிறது. அதிலிருந்து ராட்சதச் சம்மட்டி குழாயை மண்ணில் அறைந்து இறக்குகிறது. ஹார்ன்ஸ் ரெவ் குழாயின் விட்டம் சுமார் 4 மீட்டர். இந்நாளில் 10 மீட்டர் விட்டமுள்ளவையும் உண்டு.

குழாயை இறக்கியதோடு வேலை தீர்ந்ததா? இல்லை. கடற்கரையில் நிற்கும்போது, திரும்பும் அலை நம் குதிகாலின் கீழுள்ள மணலை அரித்துச் செல்வதை நேயர்கள் உணர்ந்திருப்பார்கள். குழாயைச் சுற்றியும் நீரோட்டம் சுழன்று அப்படியே பள்ளம் பறிக்கும். ஆகவே முதலில் சிறு கற்களையும், அவற்றின்மேல் பெருங் கற்களையும் பரப்பி வைக்கிறார்கள்.

இத்தனை கவனத்துக்கும் தப்பிய குறை ஒன்று உண்டு. குழாயின் தலையில் மற்றோர் உறையை மாட்டி, இடைவெளியில் சிமெண்டுக் குழம்பை நிரப்புவது வழக்கம். காற்று ஆட்டிய ஆட்டத்தில் அப்பிடிப்பு தளர்ந்து, உறைகள் சிறிது சிறிதாக வழுக்கி இறங்கியதை 2009, 2010 ஆண்டுகளில் வடகடலில் பல இடங்களில் கண்டார்கள். பிறகே கூம்பு வடிவ இணைப்பும், திருகாணி இணைப்பும் வழக்கத்துக்கு வந்தன.

2024-ல் இந்திய மந்திரிசபை, குஜராத், தமிழ்நாட்டுக் கரைகளுக்கு அப்பால் தலா 500 மெகாவாட் கடற்காற்று மின்சாரத் திட்டத்துக்கு உதவித்தொகை அளிக்க இசைந்தது. யந்திரத்தை எத்தேசத்திலிருந்தும் வாங்கிவிடலாம். காலை அப்படி வாங்கிவிட முடியாது. வடகடல் மணலில் நிலைத்த கால் மன்னார் வளைகுடாவிலும் நிலைக்கும் என்று யார் உறுதி கூறுவது? நம் கடலடியைத் துளைத்து, மண்ணை எடுத்து, நம் இளைஞர்களே சோதிக்க வேண்டும். காற்றாடி எழுவதற்கு முன்னே எழ வேண்டியது அந்த அறிவு.