பூவைப் பறிக்கலாம், பட்டையை விட்டுவிடலாம்

குற்றாலத்தில் ஓர் அருவிக்கே பெயர் கொடுத்த மரம் செண்பகம். திருநாகேசுவரத்தின் தலமரமும் அதுதான். குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையிலும் இடம்பிடித்திருக்கிறது. மக்னோலியா என்றதும் சீனத் தோட்டங்களை நினைப்பவர்களுக்கு, அதே குடும்பத்து மரம் நம்மூர்க் கோயில் வாசலில் நிற்பது தெரிவதில்லை.

சித்த மருத்துவம் இதன் பூவையும் பட்டையையும் காய்ச்சலுக்குச் சொல்கிறது. சிக்கல் பட்டையில் இருக்கிறது. பூவைப் பறித்தால் மரம் மறுபடி பூக்கும். சுற்றிலும் பட்டை உரித்த மரம் பட்டுப்போகும். இலை சமைக்கும் உணவு வேருக்கு இறங்குவது பட்டை வழியாகத்தானே! வீட்டு வைத்தியம் என்று கத்தியோடு மரத்தடிக்குப் போகும் வழக்கம் நிற்க வேண்டும்.

வளர்ப்பதில் விதைதான் சற்றுப் படுத்தும். எண்ணெய்ப் பசையுள்ள விதை. காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். செந்நிறச் சதையைக் கழுவி நீக்கி உடனே விதைக்க வேண்டும். விதைக்கன்று பூக்கப் பல ஆண்டுகளாகும். ஒட்டுக்கன்று இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே மணக்கத் தொடங்கும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது.

30 மீட்டர் வரை உயரக்கூடிய மரம் என்பதால் மின்கம்பிக்கு அடியில் நடுவது வீண். பூங்கா, பள்ளி வளாகம், கோயில் நந்தவனம் ஆகியவற்றில் உள்ளாட்சிகள் இதற்கு முதலிடம் தரலாம். அழகுக்கென்று வெளிநாட்டுக் கன்றுகளை வாங்கும் பணம் இதற்குத் தாராளமாகப் போதும்.