நிறுத்தாத சோதனை

சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5ஆம் தேதி பட்டாசு ஆலை வெடித்து சுமார் 40 பேர் இறந்தார்கள். அங்கே முன்பே ஆய்வு நடந்திருந்தது. விதிமீறல்களைக் கண்டு உரிமத்தையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். வேலை மட்டும் நிற்கவில்லை. அந்த விபத்து குறை கண்ணில் படாமல் நேர்ந்ததல்ல, கண்ட குறை வேலையைத் தடுக்காமல் நேர்ந்தது.

மனித உயிரோடு மென்பொருளை ஒப்பிட மனம் வரவில்லை. ஆனாலும் நிரல் சோதனைக்கு பில்ட் டாஸ்க் எழுத உட்காரும்போதெல்லாம் இந்த மாவட்டத்துக்காரனான எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது.

அண்மையில் சிவகாசியில், பட்டாசு வியாபாரிகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் இரண்டு இளைஞர்களின் கிரேடில் பில்டைப் பார்த்தேன். நிரலில் குறை தேடும் ஸ்பாட்பக்ஸின் எச்சரிக்கைகள் திரை திரையாக ஓடின. கடைசி வரி, ‘பில்ட் சக்சஸ்ஃபுல்’. பில்ட் கோப்பில் ‘இக்னோர்ஃபெயிலியர்ஸ்’ ட்ரூ என்று இருந்தது; சோதனை தோற்றாலும் பில்டை நிறுத்தாதே என்று பொருள். “தீபாவளி அவசரத்துல போட்டது சார், அப்புறம் எடுக்கவே இல்ல” என்றார் ஒருவர்.

அந்த ஒரு வரியை எடுப்பதோடு பிரச்சினை தீராது. கிரேடில் தரும் செக்ஸ்டைல் பிளகினில் பிழை ஒன்று வந்தாலும் பில்ட் நிற்கும். எச்சரிக்கை எத்தனை வந்தாலும் நிற்காது. வரம்பை நாம்தான் வைக்க வேண்டும். இந்தச் சோதனைகள் ‘செக்’ டாஸ்க்கோடுதான் இணைந்திருக்கின்றன. ‘அசெம்பிள்’ மட்டும் ஓட்டி ஜார் எடுப்பவர் அவற்றைத் தொடாமலே போய்விடலாம். வாடிக்கையாளருக்குப் போகும் ஜாரை உருவாக்கும் டாஸ்க், ‘செக்’ முடிந்தால்தான் ஓட வேண்டும் என்று எழுதுங்கள். மேவனிலும் செக்ஸ்டைலின் ‘செக்ஸ்டைல்’ கோல் அறிக்கைதான் தரும்; தடுப்பது ‘செக்’ கோல்.

சொந்தமாக டாஸ்க் எழுதுபவர்கள் விதிக் கோப்பையும் இன்புட்டாக அறிவிக்க மறக்கிறார்கள். பிறகு விதியை எவ்வளவு கடுமையாக்கினாலும், நிரல் மாறவில்லை என்று கிரேடில் சோதனையைத் தாண்டிவிடும்.

பழைய நிரலில் குவிந்த எச்சரிக்கைகளை ஒரே நாளில் தீர்க்கச் சொல்லவில்லை. அவற்றை பேஸ்லைன் கோப்பில் பதிந்து கிட் (Git) களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள். புதிதாக ஒன்று வந்தாலும் பில்ட் நிற்கட்டும். ஆனால் பதியும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். அந்த இளைஞர்கள் ‘இக்னோர்ஃபெயிலியர்ஸ்’ வரியை எடுத்ததும் பில்ட் நின்றது. எச்சரிக்கைப் பட்டியலில் முதலில் இருந்தது ஒரு ‘நல்’ (null) பிழை: பின்கோடு இல்லாத வெளியூர் ஏஜென்டுக்கு லாரி ரசீது போட்டால் நிரல் விழுந்துவிடும். அதை பேஸ்லைனில் போடாமல் அங்கேயே திருத்தினார்கள்.