ஒரே சோக், ரெண்டு ரூம்: லாபமா, வீண் வேலையா?

மினி ப்ராஜெக்டுக்கு நான் எடுத்த தலைப்பு, ஒரே சோக்கில் இரண்டு அறை டியூப்லைட்டுகளை மாற்றி மாற்றி எரிய வைப்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு முன்ரூமில் அப்பாவின் தறி, பின்ரூமில் என் படிப்பு. ராத்திரி பத்துவரை அவருக்கு வெளிச்சம், அப்புறம் எனக்கு. எங்க வீட்டுல பாலிடெக்னிக் படியேறிய முதல் ஆள் நான். அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

வயரிங் சுலபம். சோக்கிலிருந்து வரும் வயர் ரிலேயின் பொது முனைக்கு. இரண்டு காண்டாக்டிலிருந்து இரண்டு டியூபுக்கு. ஸ்டார்ட்டர் தனித்தனி. ஆனால் டியூப் எரியும்போதே ரிலே மாறினால் சோக் சும்மா இருக்காது. ஓடுகிற கரண்டை விடமாட்டேன் என்று வோல்டேஜை எகிற வைக்கும். ஸ்டார்ட்டர் திறந்ததும் டியூபைப் பற்ற வைப்பதும் இந்தக் குணம்தான். ரிலேயில் அதுவே தீப்பொறி. பத்தே நாளில் காண்டாக்ட் கருகி ஒட்டிக்கொண்டது. அப்பா ரூமே விடிய விடிய எரிந்தது, மறுநாள் எனக்குப் பரீட்சை!

அப்புறம்தான் இரண்டாவது டைமர் போட்டேன். முதலில் காண்டாக்டர் சப்ளையை வெட்டணும், இரண்டு செகண்ட் கழித்து ரிலே மாறணும், பிறகே சப்ளை. சோடியம் விளக்கென்றால் இன்னும் வம்பு. இக்னைட்டர் தரும் சில ஆயிரம் வோல்ட்டைச் சாதா ரிலே தாங்காது.

சரி, மிச்சம் எவ்வளவு? வைவாவில் கேட்டபோது முழித்தேன். 36 வாட் டியூபோடு சாதா சோக் சுமார் பத்து வாட்டைச் சூடாகத் தின்கிறது. ஆனால் அணைந்திருக்கும் சோக் எதையும் தின்னாதே! ஆக மிச்சம் ஒரு சோக்கின் விலை. செலவோ ரிலே, காண்டாக்டர், இரண்டு டைமர். இருபது வாட் எல்.இ.டி. வாங்கியிருந்தால் கதை முடிந்தது. 2027-க்குள் டியூப்லைட் உற்பத்தியையே நிறுத்த 2023-இல் மினமாட்டா ஒப்பந்த நாடுகள் முடிவெடுத்தும் விட்டன.

அப்போ லேபிலிருந்து சோக்கைத் தூக்கிடலாமே என்கிறான் நண்பன். எனக்குச் சம்மதமில்லை. ராஜபாளையம் மில்லில் வேலைக்குப் போனால் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரிலும் இதே கதைதான். ஸ்டார் விட்ட பிறகே டெல்டா பிடிக்கணும், மாறிப்போனால் ஷார்ட். கடையில் காசு கொடுத்து ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்குகிறவர்களுக்கு இது தெரியுமா? வாங்காதீங்க, கருகினாலும் சொந்தமா செய்யுங்க. ஆனால் ஸோல்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன்னால் கணக்குப் போடுங்க. அதை நான் போடவில்லை.

இப்போ ரெண்டு ரூமிலும் எல்.இ.டி. டைமர்களைக் கழற்றி வைத்திருக்கிறேன், தண்ணி மோட்டாருக்கு ஆகும். தெருவில் மட்டும் இன்னும் "அந்த லைட்டு என்னாச்சு தம்பி?" என்று கேட்கிறார்கள்.

– இரண்டாமாண்டு மின்னியல் மாணவன்