தீபாவளி மாதம் எங்கே போனது?

வியாழக்கிழமை இரவு பத்தரை மணி. கைப்பேசியில் அண்ணன் மகள்.

"சித்தப்பா, தூங்கிட்டீங்களா? கணக்கு ஒத்து வரல. நாளைக்குக் காலையில வாடிக்கையாளரப் பாக்கணும்."

கோலாலம்பூரில் ஒரு சிறிய விளம்பர நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. வாடிக்கையாளர் ஒரு புடவைக் கடைக்காரர். கூகல் விளம்பரத்துக்கு ஓராண்டில் எந்தச் சொல்லுக்கு, எந்த நாளில், எந்தக் கருவியில் எவ்வளவு செலவானது என்று பட்டியல் கேட்டிருந்தார். இவள் சிறு நிரல் எழுதி, ஏபிஐ வழியாக முழுப் பட்டியலையும் இறக்கி, எக்செலில் திறந்து அறிக்கை தயாரித்துவிட்டாள்.

அந்த அறிக்கையின்படி தீபாவளிப் புடவை தொடர்பான சொற்களுக்கு ஏறக்குறைய வரவேற்பே இல்லை. மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு அந்தச் சொற்களை நீக்கிவிடலாம் என்று பரிந்துரையும் எழுதிவிட்டார். புடவைக் கடைக்குத் தீபாவளி விளம்பரம் வேண்டாமாம்! அங்கேதான் பிள்ளைக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கடைக்காரர் கட்டிய தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பட்டியலில் கால் பங்குக்கு மேல் குறைகிறது.

"கடைசி வரியில என்ன தேதி இருக்கு, பாரு" என்றேன்.

சற்று நேரம் சத்தமில்லை. "செப்டம்பர், சித்தப்பா."

அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் கோப்பில் இருந்தன, எக்செலில் இல்லை. ஓர் எக்செல் தாளில் 1,048,576 வரிகள்தான் கொள்ளும். இவள் இறக்கிய பட்டியலில் சுமார் 1.4 மில்லியன் வரிகள். திறக்கும்போதே, கோப்பு முழுமையாக ஏறவில்லை என்று எக்செல் எச்சரித்திருக்கிறது. அவசரத்தில் இவள் சரி என்று தட்டிவிட்டாள். நல்ல வேளை, அதே பெயரில் சேமிக்கவில்லை. சேமித்திருந்தால் மீதி வரிகள் அந்தக் கோப்பிலிருந்தே போயிருக்கும்.

ஒரு புடவைக் கடைக்கா இத்தனை வரிகள் என்று கேட்பீர்கள். பெருக்கிப் பாருங்கள். 2,000 சொற்கள், 365 நாள்கள், கைப்பேசி, கணினி, டேப்லட் என மூன்று கருவிகள். மொத்தம் 2,190,000 வரிகள். விளம்பரமே காட்டப்படாத நாள்களின் வரிகள் இப்படிப் பிரித்துக் கேட்கும்போது வராது என்பதால் எண்ணிக்கை குறைகிறது. பட்டியலில் ஒரு பிரிவைக் கூட்டினால் வரிகள் கூடுவதில்லை, பெருகுகின்றன. ஆகவே, தேவையில்லாத பிரிவைக் கேட்காமல் இருப்பதே முதல் சிக்கனம்.

இந்தத் தவறு அனுபவமில்லாதவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுச் சம்பவங்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய தரவைப் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியதே காரணம். அந்த வடிவத்தில் 65,536 வரிகள்தான் கொள்ளும். தொற்று கண்டவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி அதனால் தாமதமானது. நமக்குப் போனது ஒரு கடையின் மூன்று மாதம். அங்கே போனது நோயைத் தடுக்க வேண்டிய நேரம்.

சரி, பெரிய அறிக்கையை எப்படி இறக்குவது? கூகல் விளம்பர ஏபிஐ இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, பக்கம் பக்கமாக வாங்குவது. பக்கத்துக்கு 10,000 வரிகள். 1.4 மில்லியன் வரிகளுக்கு 140 பக்கங்கள். மற்றொன்று, சர்ச்ஸ்டிரீம். ஒருமுறை கேட்டால் குழாய்த் தண்ணீர்போல் வரிகள் வந்துகொண்டே இருக்கும். இது விரைவானது. ஆனால் நடுவில் இணையம் அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, முதலிலிருந்து கேட்க வேண்டும்.

அதனால்தான் ஓராண்டை ஒரே மூச்சில் கேட்காதே என்றேன். மாதம் மாதமாகக் கேட்டால், அறுந்தாலும் ஒரு மாதத்தை மட்டும் மறுபடி வாங்கினால் போதும். வரும் வரிகளைக் கணினியின் நினைவகத்தில் குவித்து வைக்காமல், வர வர வட்டில் எழுதிவிட வேண்டும். முடியும்வரை கோப்புக்குத் தற்காலிகப் பெயர் இருக்கட்டும், முழுதாக வந்த பிறகு உண்மைப் பெயரை வைக்கலாம். பாதிக் கோப்பை முழுக் கோப்பு என்று நம்பி ஏமாற மாட்டோம். தோல்வியடைந்தால் உடனே மறுபடி தட்டாமல், ஒரு விநாடி, இரண்டு, நான்கு என்று இடைவெளியைக் கூட்டிக் கேட்பதும் நல்லது.

மெட்டாவில், அதாவது ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் விளம்பரங்களில், பெரிய அறிக்கைக்கு வேறு முறை. மருந்தகத்தில் எண் சீட்டு வாங்கிக் காத்திருப்பதுபோல. கேட்டவுடன் ஓர் அறிக்கை எண் வரும். வேலை எத்தனை விழுக்காடு முடிந்தது என்று அவ்வப்போது விசாரித்து, முடிந்ததும் போய் எடுத்துக்கொள்ளலாம். அங்கே இன்னொரு பொறி உண்டு. மெட்டாவின் விளம்பர எண்களில் 17, 18 இலக்கங்கள் இருக்கும். எக்செல் 15 இலக்கங்களை மட்டும் சரியாக வைத்துக்கொண்டு மீதியைப் பூச்சியமாக்கிவிடும். அந்த எண்களை எழுத்தாகத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

தமிழில் விளம்பரம் செய்வோர் ஒன்றைக் கவனிக்கலாம். யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் அகர உயிர்மெய்க்கோ குறிக்கோ 3 பைட் வேண்டும். 'தீபாவளி' என்ற சொல்லுக்கு 21 பைட். ஆங்கிலத்தில் அதே சொல் 9 பைட்டில் முடிந்துவிடும். தமிழ்ச் சொற்கள் நிறைந்த கோப்பு கனமாக இருப்பதற்கு இதுவும் காரணம். ஜிஸிப் கொண்டு சுருக்கி வைத்தால் இடம் பெருமளவு மிச்சமாகும்.

கூகல் செலவைத் தருவது 'மைக்ரோ' கணக்கில். 2 ரிங்கிட் 35 சென் என்பது 2350000 என்று வரும். எல்லாவற்றையும் கூட்டிய பிறகு ஒரு மில்லியனால் வகுப்பதே பாதுகாப்பு. நேற்று இறக்கிய கணக்கு இன்று மாறுவதும் உண்டு. இன்று புடவை வாங்கியவர் பத்து நாளுக்கு முன் விளம்பரத்தைத் தட்டியிருந்தால், அந்த விற்பனை பத்து நாளுக்கு முந்தைய தேதியில்தான் ஏறும். ஆகவே அண்மைய ஒரு மாதத்தை மட்டும் மறுபடி மறுபடி இறக்கிப் புதுப்பிக்க வேண்டும்.

அன்று இரவு அவள் பன்னிரண்டு மாதங்களைப் பன்னிரண்டு கோப்புகளாக வாங்கி, எஸ்கியூலைட் என்ற இலவசத் தரவுத்தளத்தில் ஏற்றினாள். பிறகு, அதே விளம்பரங்களின் ஓராண்டு மொத்தச் செலவை மட்டும் தனியே கேட்டாள். அதற்கு ஒரே வரிதான் பதில். பட்டியலின் கூட்டுத்தொகை அந்த ஒரு வரியோடு சென் பிசகாமல் பொருந்தியபோது மணி ஒன்றரை. விடிந்ததும் மேலாளரிடம் போய், தன் தவறைத் தானே சொல்லியிருக்கிறாள். அவர் முகம் சுளித்தாராம், ஆனால் பரிந்துரையை மாற்றினாராம். தீபாவளிச் சொற்கள்தாம் அந்தக் கடைக்கு ஆண்டிலேயே அதிகம் விற்றுத் தந்தவை.

மொத்தத்தை முதலில் கேள், பட்டியலைப் பிறகு கேள். இளையர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடை நடத்துவோரும் தங்கள் விளம்பர நிறுவனத்திடம் கேட்கலாம்: "இந்தப் பட்டியலின் கூட்டுத்தொகை நான் கட்டிய பணத்தோடு ஒத்துப் போகிறதா?" 8 விழுக்காட்டுச் சேவை வரியைக் கழித்த பின்னும் இடித்தால், விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேட்கத் தயங்காதீர்கள். அந்தப் பிள்ளை தயங்கியிருந்தால், ஒரு கடையின் தீபாவளியே கணக்கிலிருந்து காணாமல் போயிருக்கும்.