டிவியைத் தட்டிக் கேட்க ஆள் உண்டா?

கிண்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமியார், கணவர், மூன்றாவது படிக்கும் மகள் என மொத்தக் குடும்பமும் ராத்திரி எட்டரை மணிக்கு சீரியல் பார்க்கிற வீடு. நடுவில் ஒரு பாடி ஸ்ப்ரே விளம்பரம். ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் விளம்பரமே முடிந்துவிடுகிறது. மகள் ஒரு கேள்வி கேட்கிறாள். மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார். “சினிமாவுக்கு சென்சார் இருக்கிறது. டிவியைத் தட்டிக் கேட்க யாருமே இல்லையா?” என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறார்கள். நமக்குத்தான் விலாசம் தெரியாது.

கேபிள் டிவி ஒழுங்குமுறைச் சட்டம் 1995-லேயே வந்துவிட்டது. நிகழ்ச்சிகளுக்கு ஒன்று, விளம்பரங்களுக்கு ஒன்று என இரண்டு நெறிமுறைகள் அதில் உண்டு. கண்ணியக் குறைவானதைக் காட்டக் கூடாது. குழந்தைகள் அதிகம் பார்க்கிற நேரத்தில் அவர்களுக்கு ஆகாததைப் போடக் கூடாது. மீறினால் சேனலையே நிறுத்தி வைக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. கவர்ச்சி விளம்பரங்களைத் தொகுத்துக் காட்டியதற்காக 2007-ல் ஏஎக்ஸ்என் சேனலுக்கு இரண்டு மாதத் தடை விதித்தார்கள். (நீங்கள் இதைப் படிக்கிற போனுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அது வேறு கதை, வேறு வாரம்.)

ஆனால் சீரியலையும் ரியாலிட்டி ஷோவையும் முன்கூட்டியே பார்த்துச் சான்றிதழ் தரும் வழக்கம் இல்லை. ஒளிபரப்பான பிறகுதான் விசாரணை. அதோடு, எது கண்ணியக் குறைவு என்பதைச் சட்டம் அளந்து சொல்லவும் இல்லை. ஆளுக்கு ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு வருவது அதனால்தான்.

2020 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆபாசமான விளம்பரங்களை ஒளிபரப்ப இடைக்காலத் தடை விதித்தது. உள்ளாடை, ஆண்மை மருந்து, ஆணுறை எல்லாமே அதில் பேசப்பட்டன. நீதிபதிகளின் கவலை நியாயமானதுதான். ஆனால் ஆண்மை லேகியத்தையும் ஆணுறையையும் ஒரே கூடையில் போட எனக்கு மனம் வரவில்லை. 2017 டிசம்பரில் மத்திய அரசே, ஆணுறை விளம்பரங்கள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மட்டும்தான் வரலாம் என்றது. பிறகு சில நாட்களிலேயே, ஆபாசமாக எடுக்கப்பட்டவற்றுக்கு மட்டும்தான் அது என்று விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கம்தான் சரி. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில். இருபது வருடங்களுக்கு முன் ஊரெல்லாம் புலிராஜா விளம்பரத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டோம், கிண்டலும் செய்தோம். ஆனால் விஷயம் பாட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சங்கடம் வேறு, ஆபாசம் வேறு.

அளவுகோல் கும்பலின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் கிண்டி பார்த்திருக்கிறது. 2015 மார்ச்சில் புதிய தலைமுறை சேனல், தாலி தேவையா என்று ஒரு விவாத நிகழ்ச்சிக்கு முன்னோட்டம் போட்டது. அரைகுறை உடையோ இரட்டை அர்த்தமோ எதுவும் அதில் இல்லை. பண்பாட்டைக் கெடுக்கிறார்கள் என்று போராட வந்தவர்கள் அலுவலக வாசலில் ஒளிப்பதிவாளரை அடித்தார்கள். நாலு நாள் கழித்து, 12-ம் தேதி விடிவதற்கு முன்னால், திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் அந்த அலுவலகத்தின் மீது டிபன் பாக்ஸ் குண்டு வீசப்பட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. நிகழ்ச்சிதான் ஒளிபரப்பாகவே இல்லை. பிடிக்காத நிகழ்ச்சியை நிறுத்த இப்படி ஒரு குறுக்குவழி இருக்கும்வரை, புகார் எழுதுகிறவரை யார் மதிப்பார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாடி ஸ்ப்ரேக்குப் பதறுகிற நாம், குழந்தைகளின் நடன நிகழ்ச்சிக்கு ஏன் பதறுவதில்லை? குத்துப் பாட்டுக்கு நடிகை ஆடினால் ரிமோட்டைத் தேடுகிறோம். அதே பாட்டுக்கு ஏழு வயதுப் பெண் அதே மாதிரி இடுப்பை வெட்டினால் நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். வீட்டில் நாமும் தட்டுகிறோம், ஓட்டும் போடுகிறோம். பெரியவர்களுக்கான அசைவுகளைச் சிறு குழந்தைகளை ஆட வைத்துக் காட்ட வேண்டாம் என்று மத்திய அரசு 2019 ஜூன் 18 அன்று சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. வெறும் அறிவுரைதான். விளம்பரத்தில் வருகிற மாடலுக்குச் சம்பளமும் உண்டு, வேண்டாம் என்று சொல்கிற வயதும் உண்டு. அந்தக் குழந்தைக்கு என்ன இருக்கிறது? முதல் புகார் எதைப் பற்றி எழுதலாம் என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

எழுதுவது சுலபம். 2021 ஜூனில் வந்த விதிகளின்படி, புகாரை முதலில் அந்த சேனலுக்கே அனுப்ப வேண்டும். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லியாக வேண்டும், 15 நாளில் முடிவு தெரிவிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். அவர்களுக்கு 60 நாள் கெடு. அதற்கும் மேலே மத்திய அரசு. பொழுதுபோக்கு சேனல்களுக்கான புகார் மன்றமான பி.சி.சி.சி. 2011-ல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஏ.பி.ஷா, நம் உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். சீரியலுக்கு நடுவே கீழே சரசரவென்று ஒரு வரி ஓடுமே, அது இவர்களைப் பற்றியதுதான். கண்ணாடியை மாட்டுவதற்குள் ஓடிவிடும்! விளம்பரம் மட்டும்தான் பிரச்னை என்றால் ‘ஆஸ்கி’ எனப்படும் விளம்பரத் தரக் கவுன்சிலுக்கு ஆன்லைனிலேயே எழுதலாம்.

“இப்பல்லாம் டிவியே மோசம்” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பலன் இருக்காது. சேனல் பெயர், தேதி, மணி, எந்தக் காட்சி அல்லது எந்த விளம்பரம், அதில் எது தவறு என்று நாலு வரி வேண்டும். காட்சி ஓடும்போதே போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் தேதியும் நேரமும் அதிலேயே பதிவாகிவிடும்.