சுவரில் தொங்கும் வீடும் கரையில் வாழும் மனிதரும்

கலை யாருக்காக என்னும் வினா பழமைப்பட்டுவிட்டது என்பர் சிலர். வினா பழமைப்படலாம், விடை கிடைக்காதவரை அதனைக் கைவிடுதல் முறையன்று. நம் நாட்டுச் சமகாலக் கலைக்கூடங்களின் கண்காட்சிகளையும் பொது நிகழ்ச்சிகளையும் புத்தளக் கரையில் நின்று நோக்குவார்க்கு அவ்வினா மீண்டும் எழாமற் போகாது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள், தமிழின் பெயரால் ஆயுதம் ஏந்திய விடுதலைப் புலிகளால் தம் பிறந்தகங்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு துரத்தப்பட்டனர். அவருட் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டித் தீபகற்பத்திலும் அடைக்கலம் புகுந்தனர். 2009இல் போர் முடிந்தபின் சிலர் மீண்டனர். பலர் இக்கரையிலேயே தங்கிவிட்டனர்.

வடபுலத்துத் தமிழ் பேசும் மக்களின் இடப்பெயர்வைப் பொருளாகக் கொண்டு எழுந்த ஆக்கங்களுள் ஓவியர் தா. சனாதனனின் ‘முற்றுப்பெறாத தோம்பு’ தலையாயது. 2011இல் நூல் வடிவில் வெளிவந்த இவ்வாக்கத்தில், இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைகின்றனர். கட்டடக்கலைஞர் அதனை அளவொழுங்குடன் மீள வரைகின்றார். ஓவியர் அவ்விழப்பின் கதைக்குத் தம் கோடுகளால் உருக்கொடுக்கின்றார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காணிகளையும் உடையவர்களையும் பதிந்துவைத்த ஏடு. அந்த ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டை கற்பிட்டியில் இன்றும் நிற்கின்றது. ஆள வந்தவன் தனக்காக எழுதிய பதிவேட்டின் பெயரை, வீடிழந்தவன் தனக்காக எழுதும் பதிவேட்டுக்குச் சூட்டியமை பொருள் பொதிந்த செயலாகும்.

ஆயின் இத்தகைய படைப்புகள் எங்கே காட்டப்பெறுகின்றன? 2019 டிசம்பரில் கொழும்பிலே தொடங்கப்பெற்ற நவீன, சமகாலக் கலை நூதனசாலை மும்மொழிகளிலும் விளக்கங்கள் தந்தது. அப்பணியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பின்னர் அதன் கண்காட்சிகள் கொள்ளுப்பிட்டியின் கிரெஸ்கட் வணிகத் தொகுதியிலும் நடைபெற்றன. யாழ்ப்பாணத்திலும் சில முயற்சிகள் உள. ஆனால் நாட்டின் பெரிய சமகாலக் கலைக்கூடங்களுள் ஒன்றேனும் புத்தளக் கரையில் இல்லை. இடப்பெயர்வு கலைக்குப் பொருளாகலாம். இடம்பெயர்ந்தவன் பார்வையாளன் ஆகலாகாதா? தன் வாழ்வைக் கருப்பொருளாக ஈந்தவனுக்கே முதற்காட்சி உரியது என்பது என் துணிபு. அஃதின்றேல் அவனது துயரம் தலைநகரத்தாரின் மாலைப்பொழுதுக்கு அணியாகிவிடும்.

‘சமகாலக் கலை பாமரர்க்கு விளங்காது’ என்பார் உளர். இவர்கள் ஒருமுறை உடப்புக்குச் செல்வார்களாக. அங்குள்ள திரௌபதை அம்மன் கோயிலின் ஆடிவிழாவிலே பாரதக் கதையின் நிகழ்ச்சிகள் சடங்காக நடத்தப்பெற்றுத் தீமிதிப்பில் நிறைவெய்துகின்றன. மீனவர் ஊர் முழுவதும் அதனைப் பார்க்கின்றது, பங்கு கொள்கின்றது, பிழை நேரின் சுட்டுகின்றது. குறியீடு எதுவெனப் பிறர் கற்பிக்க வேண்டிய நிலையில் அம்மக்கள் இல்லை. வீட்டின் தரைப்படமோ அதனினும் எளிது. வாசல் எத்திசை நோக்கிற்று, கிணறு எங்கிருந்தது என்று அறிய அகதிக்கு வழிகாட்டி வேண்டா. அப்படத்தை வாசிக்கத் தெரியாதவர் உளரெனில், அவர் வீடு இழந்திராதவரே.

‘பொருள்வசதி இல்லை, தூரம் அதிகம்’ என்பது அடுத்த சமாதானம். கொழும்புக்கும் புத்தளத்துக்கும் இடையே ஏறத்தாழ 130 கிலோமீற்றர். அத்தூரத்தைக் கடந்து, அதற்கு அப்பாலுள்ள அறுவக்காட்டுக்குத் தன் குப்பையை அனுப்பக் கொழும்பு திட்டமிட்டது. 2018இல் புத்தளத்து மக்கள் வீதியில் இறங்கி மறுத்தனர். எனினும் 2019இல் குப்பை வரத்தான் செய்தது. குப்பைக்குக் குறுகிய தூரம் ஓவியத்துக்கு மட்டும் நீள்வது எங்ஙனம்? நூலாக அச்சேறிய ஓர் ஆக்கத்தைக் காட்டக் குளிரூட்டிய மண்டபம் தேவையில்லை. பாடசாலை மண்டபம் போதும். நூலகத்தின் ஒரு சுவர் போதும்.

கலைக்கூடங்களை மட்டும் குறை கூறித் தப்பிக்க நமக்கு உரிமையில்லை. அந்த வெளியேற்றம் நிகழ்ந்தபோது தமிழறிவுலகிற் பெரும்பகுதி வாய்மூடி இருந்தது. நம்முடைய தமிழ்ச் சங்கங்கள் முத்தமிழ் விழா எடுக்கின்றன, பட்டிமன்றம் நடத்துகின்றன. ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டி கற்பிட்டியிற் பிறந்தவர் என மேடையிற் பெருமை கொள்கின்றோம். அதே கற்பிட்டியில், நம்மவராற் துரத்தப்பட்ட தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்வதைப் பற்றி எத்தனை மேடைகளிற் பேசினோம்?

எனவே வேண்டுவது இது: இடப்பெயர்வை உரைக்கும் கண்காட்சி ஒவ்வொன்றும் அத்துயரைச் சுமந்தோர் வாழும் ஊருக்கு முதலிற் செல்லுதல் வேண்டும். அங்கே விளக்கவுரையாற்றும் உரிமை விமரிசகனுக்கு அன்று, வீட்டை இழந்த முதியவருக்கே உரியது. நாம் சென்றால் முன்வரிசையில் அமர்ந்து கேட்டல் வேண்டும். கண்காட்சியின் முடிவில் வெற்றுத்தாளும் பென்சிலும் வைக்கப்படட்டும். தோம்பு இன்னும் முற்றுப்பெறவில்லை. அதனை எழுதவேண்டிய கைகள் புத்தளக் கரையில் இருக்கின்றன.